பணக்காரருக்கு வரி: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திக்குப் பக்கத்தில் இருந்து நான் வரிப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். கமக்காரர், ஆசிரியர், கடைக்காரர், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளின் பெற்றோர் என்று பலரும் வருவார்கள். படிவம் நிரப்பி முடிந்த பிறகும் கதிரையை விட்டு எழும்பாமல் கேட்கும் கேள்விகள் சில உண்டு. “எங்களிட்டை இவ்வளவு புடுங்கிறாங்களே, பெரிய ஆக்களிட்டை வாங்கிறாங்களா?” என்பதுதான் அதில் முதலாவது. சனசமூக நிலையக் கூட்டங்களிலும் மாதர் சங்கத்திலும் கேட்ட கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் கூலிவேலை செய்பவன். ஒரு நாளும் வரி கட்டியதில்லை. பணக்காரருக்கு வரி போட்டால் என்ன, விட்டால் என்ன?

நீங்கள் தினமும் வரி கட்டுகிறீர்கள். ஒருநாள் விசுவமடுவில் இருந்து வந்த அக்கா ஒருவர் இதே கதையைச் சொன்னார். கடைக்குப் போய்விட்டு வந்திருந்தார். பையைத் திறந்து காட்டச் சொன்னேன். சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், ஷாம்பு பக்கற், உடுப்புத் தோய்க்கும் தூள். மொத்தம் 1,770 ரூபா. பெறுமதி சேர் வரி, அதாவது நாங்கள் வற் வரி என்று சொல்வது, இப்போது 18 வீதம். 1,770 ரூபாவில் 270 ரூபா அந்த வரி. கடதாசியில் எழுதிக் காட்டினேன். கன நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஒரு நாள் கச்சான் பிடுங்கப் போனால் அரைவாசி நேரக் கூலி இது” என்றார்.

ஊர்க் கடைக்காரர் பில்லில் வரியை எழுதமாட்டார். வருட விற்பனை 6 கோடி ரூபாவைத் தாண்டும் வியாபாரம்தான் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்பது 2024 ஜனவரியில் வந்த எல்லை. எங்கள் ஊர்க் கடைகளில் அனேகமானவை அதற்குள் வராது. ஆனால் பொருள் தொழிற்சாலையில் இருந்தோ துறைமுகத்தில் இருந்தோ வரும்போதே வரி விலைக்குள் ஏறிவிடுகிறது. தொலைபேசிக்கு ரீலோட் போட்டாலும், உழவு இயந்திரத்துக்கு டீசல் அடித்தாலும் வரி உண்டு. இப்படிப் பொருளோடு சேர்ந்து வருவதை நேரில் வரி என்பார்கள். வருமானத்தின் மேலும் சொத்தின் மேலும் ஆளைப் பார்த்துப் போடுவது நேர் வரி. இலங்கை அரசின் வரி வருமானத்தில் பெரும் பங்கு பல பத்தாண்டுகளாக நேரில் வரிதான்.

பணக்காரரும் அதே 18 வீதம்தானே கட்டுகிறார்? அது நியாயம்தானே?

வீதம் ஒன்றுதான். பாரம் ஒன்றல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபா உழைக்கும் குடும்பம் அதில் 20,000 ரூபாவை வற் வரி உள்ள பொருட்களுக்குச் செலவழிக்கிறது என்று வையுங்கள். அதற்குள் வரி கிட்டத்தட்ட 3,050 ரூபா, அதாவது உழைப்பில் 7 வீதத்துக்கும் மேல். மாதம் 20 இலட்சம் வருமானம் உள்ளவர் அதே மாதிரிப் பொருட்களுக்கு 3 இலட்சம் செலவழிக்கிறார் என்று வைப்போம். அவர் கொடுக்கும் வரி ஏறக்குறைய 45,760 ரூபா. தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் அவருடைய வருமானத்தில் அது இரண்டேகால் வீதம்தான்.

மிச்சக் காசு எங்கே போகிறது என்பதுதான் இதில் முக்கியம். கூலிக்குப் போகிறவரின் காசு முழுவதும் அந்த மாதமே கடைக்குப் போய்விடும். பணக்காரரின் காசில் பெரும் பகுதி காணியாகவும் பங்காகவும் வட்டியாகவும் மாறி, அடுத்த வருடம் இன்னும் பெருகி நிற்கும். அந்தப் பெருக்கத்தை வற் வரி தொடுவதே இல்லை.

அதற்குத்தானே வருமான வரி இருக்கிறது?

இருக்கிறது. 2025 ஏப்ரலில் இருந்து மாதம் ஒன்றரை இலட்சம், வருடத்துக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேலே முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 என்று ஏறி, மிச்சத்துக்கு 36 வீதம். மாதம் 2 இலட்சம் எடுக்கும் ஒருவருக்கு 3,000 ரூபா வரும். 4 இலட்சம் எடுக்கும் வைத்தியருக்கு 50,000 ரூபா. சம்பளம் கைக்கு வர முன்னரே கழித்துவிடுவார்கள், ஒளிக்க இடமில்லை.

இதோடு ஒரு கோடீஸ்வரரை ஒப்பிடுங்கள். கொழும்பில் பத்து வருடத்துக்கு முன் வாங்கிய காணியின் விலை மூன்று மடங்காகியிருக்கும். விற்காத வரைக்கும் அது வருமானம் இல்லை, எனவே வரியும் இல்லை. விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. 2018இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது வீதம் 10 மட்டுமே. இரவுக் கடமை பார்க்கும் வைத்தியரின் கடைசி ரூபாவுக்கு 36 வீதம், வெறுமனே கிடந்து விலை ஏறிய காணிக்கு அதைவிட எவ்வளவோ குறைவு. வருமான வரி மட்டும் காணாது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

செல்வ வரி என்றால் என்ன?

ஒருவரின் சொத்து எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்து, மிஞ்சுவது ஒரு பெரிய எல்லையைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் வருடத்துக்கு ஒரு சிறிய வீதம் அறவிடுவது. இதன் உறவுக்கார வரிகள் இன்னும் இரண்டு உண்டு: பெரும் சொத்து பிள்ளைகளுக்குப் போகும்போது போடும் மரபுரிமை வரி, பெரும் வீடு வளவுகளுக்குப் போடும் ஆதன வரி.

2024இல் பிரேசில் ஜி20 நாடுகளுக்குத் தலைமை வகித்தபோது, கப்ரியேல் சுக்மன் என்ற பிரெஞ்சுப் பொருளியலாளரிடம் ஒரு திட்டம் கேட்டது. உலகில் நூறு கோடி டொலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் ஏறத்தாழ 3,000 பேர். அவர்கள் ஒவ்வொருவரும் வருடத்துக்குச் சொத்தில் 2 வீதமாவது வரியாகக் கட்டினால் 200 முதல் 250 பில்லியன் டொலர் வரை சேரும் என்று அவர் கணக்குக் காட்டினார்.

எனக்கு மூன்று ஏக்கர் வயலும் ஒரு வீடும் இருக்கிறது. நாளைக்கு என்னிடமும் வருவார்களா?

இந்தப் பயம்தான் எங்கள் பக்கத்தில் பணக்காரருக்குப் பெரிய காவல். வன்னியில் வரி என்ற சொல்லுக்கே ஒரு பயம் உண்டு. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு ஒரே சாமானுக்கு அரசு, புலிகள் என்று இரண்டு பக்கமும் வரி கட்டிய சனம் இது.

ஒழுங்காக எழுதிய செல்வ வரி உங்களிடம் வராது. இரணைமடுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர், ஒரு வீடு, ஒரு லாண்ட்மாஸ்டர், கழுத்தில் ஒரு சங்கிலி என்று எல்லாவற்றையும் கூட்டினாலும், உலகில் எந்த நாட்டிலும் பேசப்படும் பெரும்பணக்காரர் எல்லைக்குக் கிட்டவும் போகாது. அதிலும் வன்னியில் பெரும்பாலான காணி அரச அனுமதிப்பத்திரக் காணி. விரும்பிய விலைக்கு விற்க முடியாததைச் செல்வம் என்று கணக்கெடுப்பதே பிழை.

ஆனால் ஒரு விசயத்தில் நாங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். சட்டம் எழுதும்போது எல்லையைக் கீழே வைத்து, “வீடு உள்ள எல்லோருக்கும்” என்று ஆக்கிவிட்டால் அது பணக்காரர் வரியாக இருக்காது. பிரதேச சபைக்குக் கட்டும் சோலைவரி மாதிரி எல்லார் தலையிலும் விழும். என்னைக் கேட்டால், குடியிருக்கும் ஒரு வீட்டையும் தானே கமம் செய்யும் காணியையும் சட்டத்திலேயே விலக்கிவிட வேண்டும்.

இலங்கையில் இது எப்போதாவது இருந்ததா?

இருந்தது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோரின் ஆலோசனைப்படி 1959இல் செல்வ வரியும் செலவு வரியும் சட்டமாயின. இந்தியா அவருடைய சொல்லைக் கேட்டு 1957இலேயே தொடங்கி 2015இல் நிறுத்தியது. எங்கள் செல்வ வரி 1990களின் தொடக்கத்தில் போனது. ஓட்டைகள் நிறைய இருந்ததால் சேர்ந்த காசு குறைவு என்பது உண்மை. ஓட்டையை அடைக்காமல் வரியையே எடுத்துவிட்டார்கள்.

2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் உடன்படிக்கை செய்தபோது, நாடு தழுவிய ஆதன வரியும் மரபுரிமை வரியும் 2025க்குள் கொண்டுவருவதாக அரசு எழுதிக் கொடுத்தது. வற் வரியை 15இல் இருந்து 18 ஆக்கியது குறித்த நாளில், 2024 ஜனவரி முதலாம் திகதி, நடந்தது. சமையல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் இருந்த விலக்கும் அன்றே போனது. சொத்து வரிக்கு மட்டும் தவணைமேல் தவணை. சவர்க்காரத்துக்கு வரி போட ஒரு வர்த்தமானி போதும், மாளிகைக்கு வரி போடப் பல வருட ஆயத்தம் வேண்டுமாம் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

நாடு கடனில் விழுந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய. 2019 டிசம்பரில் வற் வரியை 15இல் இருந்து 8 ஆக்கினார்கள். வருமான வரி தொடங்கும் எல்லையை வருடத்துக்கு 30 இலட்சமாக உயர்த்தினார்கள். கம்பனி வரியையும் குறைத்தார்கள். 2019இல் நாட்டு உற்பத்தியில் 11 வீதத்துக்கு மேல் இருந்த வரி வருமானம் 2021இல் 8 வீதத்துக்கும் கீழே இறங்கியது. கொரோனாவும் ஒரு காரணம், அதை மறுக்கவில்லை. ஆனால் கஜானா வெறுமையானபோது வெளிநாட்டில் கடன் கொடுக்க ஆளில்லை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள்.

சீனிக் கதையையும் சொல்ல வேண்டும். 2020 ஒக்டோபரில் ஒரு கிலோ சீனிக்கு இருந்த இறக்குமதி அறவீட்டை 50 ரூபாவில் இருந்து 25 சதமாக்கினார்கள். ரூபா அல்ல, சதம். கிலோவுக்கு 50 ரூபா குறையும் என்று சனம் பார்த்துக்கொண்டிருந்தது. கடையில் அப்படிக் குறையவில்லை. அரசுக்கு 1,500 கோடி ரூபாவுக்கு மேல் வருமானம் போனது என்று கணக்காய்வு காட்டியது. வரி குறைத்தால் ஏழைக்கு நல்லது என்று யாராவது சொன்னால், யாருடைய வரி, யாருடைய கைக்கு என்று கேளுங்கள்.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் ஈபிஎஃப் காசில் கை வைத்தார்கள் என்கிறார்கள். உண்மையா?

2023 ஜூலையில் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளிடம் இருந்த அரச முறிகளை, அதாவது அரசு கடன் வாங்கிக் கொடுத்த பத்திரங்களை, மாற்றச் சொன்னார்கள். புதிய முறிகளுக்கு 2025 வரை 12 வீத வட்டி, பிறகு 9 வீதம். மாற்றாவிட்டால் முறிகளால் வரும் வருமானத்துக்கு அந்த நிதிகள் கட்டும் 14 வீத வரி 30 ஆகும் என்றார்கள். வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. வங்கி விழுந்தால் எல்லோரின் வைப்பும் போய்விடும் என்பது அரசு சொன்ன காரணம், அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வருடங்களில் உயர்ந்த வட்டியில் முறி வாங்கிப் பெரிய இலாபம் எடுத்த தனிப்பட்ட பணக்காரரிடம் ஒரு தடவை விசேட வரி வாங்கியிருக்கலாம். உங்கள் கணக்கில் இருந்த காசை எடுக்கவில்லை, இனி வரவேண்டிய வளர்ச்சியைக் குறைத்தார்கள். தையல் மெசினில் குனிந்திருக்கும் பிள்ளை ஈபிஎஃப் காசை எடுக்கும் நாளில் தெரியப்போகும் குறைவு அது.

வரி போட்டால் பணக்காரர் நாட்டை விட்டு ஓடிவிடுவார்களே?

சிலர் போவார்கள். நோர்வே 2022இல் செல்வ வரியைக் கூட்டியபோது பெரும்பணக்காரர் சிலர் சுவிற்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, சுவிற்சர்லாந்திலும் செல்வ வரி உண்டு, கன்ரன் என்று சொல்லும் அதன் மாநிலங்கள் எல்லாவற்றிலும். சூரிச்சிலோ பேர்ணிலோ இருக்கும் உங்கள் மருமகனிடம் கேட்டுப் பாருங்கள். வருடா வருடம் வரிப் படிவத்தில் வங்கிக் காசும் சொத்தும் எழுதும் பகுதி ஒன்று இருக்கும். அதனால் அந்த நாடு ஏழையாகவில்லை.

காணியும் கட்டடமும் ஓடாது. ஓடுவது காசு. 2021 ஒக்டோபரில், பணக்காரர் வெளிநாடுகளில் மறைத்து வைத்த சொத்துகளைக் காட்டும் பண்டோரா ஆவணங்கள் கசிந்து வெளிவந்தபோது, இலங்கையின் முன்னாள் பிரதி அமைச்சர் ஒருவரும் அவருடைய கணவரும் வெளிநாட்டு நம்பிக்கைப் பொறுப்புகளிலும் (ட்ரஸ்ட்) கம்பனிகளிலும் சொத்து வைத்திருந்தது அதில் இருந்தது. அப்போது இங்கே செல்வ வரியே இல்லை. வரி இல்லாதபோதும் காசு போகிறது, எனவே வரி இல்லாமல் விட்டு அதைப் பிடித்து வைக்க முடியாது.

முதலீடு வரவேண்டும் என்றால் வரிவிலக்கு வேண்டாமா?

கொஞ்சம் வேண்டியிருக்கலாம். 2021 கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் 40 வருடம் வரை விலக்குக் கொடுக்க இடம் விட்டது. இன்று பிறக்கும் பிள்ளை நாற்பது வயதாகும் வரை. அவ்வளவு காலம் கொடுப்பதற்கு நான் ஒரு காரணமும் காணவில்லை.

வன்னி ஏழையாக இருப்பது போரால். வரி அதை என்ன செய்யும்?

2016 குடும்ப வருமான, செலவுக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டம் கிளிநொச்சி: 18.2 வீதம், அப்போது நாட்டின் சராசரி 4.1. 2019இல் வறுமைக் கோட்டைத் திருத்தி எடுத்த கணக்கில் நாட்டுக்கு 14.3, முல்லைத்தீவுக்கு 44.5. அதே 2019 கணக்கில் நாட்டின் மேல்தட்டு 20 வீதத்தினருக்கு மொத்த வருமானத்தில் பாதிக்கும் மேல் போனது. கீழ்த்தட்டு 20 வீதத்தினருக்கு 5 வீதமும் இல்லை. சொத்தில் இடைவெளி இதைவிடப் பெரிது. மேலே உள்ள 1 வீதத்தினரிடம் நாட்டின் தனியார் செல்வத்தில் 31 வீதம் இருப்பதாக ஐ.நா. அபிவிருத்தித் திட்டம் 2023இல் சொன்னது.

போர்தான் காரணம் என்பது சரி. அது எப்படி வேலை செய்தது என்பதைப் பாருங்கள். 2009 மேயில் முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்த சனம் உடுத்த உடுப்போடு செட்டிகுளம் முகாம்களுக்குப் போனது. உழவு இயந்திரம், வள்ளம், மாடு, கூரை ஓடு, காணி உறுதி எல்லாம் பின்னால் கிடந்தன. தகப்பன் சேர்த்ததை மகன் எடுத்துத் தொடங்குவதுதான் எங்கும் வழக்கம். இங்கே ஒரு தலைமுறையின் சேமிப்பு முழுவதும் ஒரே வருடத்தில் இல்லாமல் போனது. திரும்பி வந்தபோது முதலில் வாசலுக்கு வந்தவர்கள் லீசிங்காரரும் நுண்கடன்காரரும். கிழமைக்கொருக்கால் கூட்டம், கையெழுத்து, தவணை. கொழும்பில் ஒருவர் வீட்டையும் பங்குகளையும் பிள்ளைக்கு மரபுரிமை வரியில்லாமல் விட்டுப்போகிறார். வன்னியில் பிள்ளை தாயின் தவணைக் கடனைக் கட்டுகிறது.

சொத்தில் இருந்து வரும் வரியால்தான் இதைக் கொஞ்சமாவது சமப்படுத்தலாம். 1945இல் இருந்து எங்களுக்கு இலவசக் கல்வி இருக்கிறது, ஆசுப்பத்திரியில் காசு கேட்பதில்லை. அந்த இரண்டும் இல்லாவிட்டால் வன்னிச் சனம் எழும்பியே இருக்காது. ஆனால் நிபுணர் இல்லாத ஆசுப்பத்திரியும் கணித ஆசிரியர் இல்லாத பள்ளிக்கூடமும் பெயருக்கு இலவசம். துணுக்காயில் இருந்து ஒரு ஸ்கானுக்காக வான் பிடித்து யாழ்ப்பாணம் போகும் குடும்பம் அந்த வானுக்குக் கொடுப்பதும் ஒரு வரிதான், ரசீது இல்லாத வரி.

வன்னியில் பணக்காரரே இல்லையா?

இருக்கிறார்கள். மணல், கிரவல், காணி, வட்டி என்று போருக்குப் பிறகு வேகமாகப் பெருகியவர்கள் உண்டு. அறுவடை நாளில் கடன்காரர் வாசலில் நிற்பதால் கமக்காரர் ஈர நெல்லை வந்த விலைக்குக் கொடுக்கிறார். களஞ்சியம் வைத்திருப்பவர் இரண்டு மாதம் பொறுத்து விற்கிறார். அவர் எங்கள் ஆள், எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு உபயம் செய்பவர் என்பதற்காக அவருடைய வரிக் கோப்பு வெறுமையாக இருக்கலாமா? கொழும்புப் பணக்காரரைக் கேட்கும் அதே கேள்வியை அவரிடமும் கேட்க வேண்டும். கூட்டங்களில் இதைச் சொன்னால் முன்வரிசை கொஞ்சம் அசையும்.

டின் இலக்கம் எடுத்தால் வரி கட்ட வேண்டுமா?

இல்லை. 18 வயது வந்தவர்கள் பதிய வேண்டும் என்று 2024இல் சொன்னபோது பலர் பயந்தார்கள். டின் என்பது வரி செலுத்துவோரை அடையாளம் காணும் ஒரு பதிவு இலக்கம் மட்டுமே. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாவிட்டால் சம்பளத்துக்கோ கமத்துக்கோ வருமான வரி இல்லை.

கனடாவில் இருந்து மகன் அனுப்பும் காசுக்கு வரி உண்டா?

குடும்பத்துக்கு அனுப்பும் காசு உங்கள் வருமானம் அல்ல, வரி இல்லை. வீட்டில் இருந்துகொண்டே கணினியில் வெளிநாட்டுக்கு வேலை செய்து உழைக்கும் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கு 2025 ஏப்ரலில் இருந்து, விலக்கெல்லைக்கு மேலே, கூடியது 15 வீதம்.

அம்மாவின் நிலையான வைப்பில் வட்டியைக் கழிக்கிறார்கள். வயது போனவரிடமும் வரியா?

2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள், முன்பு 5. ஐந்து இலட்சம் வைப்புக்கு வருடம் 40,000 வட்டி வந்தால் 4,000 போய்விடும். கோடிக்கணக்கில் வைத்திருப்பவருக்கும் வாசலில் பிடிப்பது அதே 10 வீதம்தான். அம்மாவின் மொத்த வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்றால் பிடிக்க விடத் தேவையில்லை. வங்கிக்குப் போய்ச் சுயபிரகடனப் படிவம் வேண்டும் என்று கேளுங்கள். வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, படிவத்தை ஒவ்வொரு ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். படிவம் தமிழில் கேளுங்கள். அடையாள அட்டையையும் வைப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள். அம்மா கையெழுத்து வைக்கமாட்டார் என்றால் பெருவிரல் அடையாளம் பற்றி முதலே வங்கியில் விசாரியுங்கள். ஏற்கெனவே பிடித்த காசைத் திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது. வட்டிச் சான்றிதழை எறியாமல் வைத்திருந்து கொண்டு வாருங்கள், நிரப்பித் தருகிறேன்.